குடலுக்குள் ஒரு கைமாற்று: பஞ்சுக்குச்சிச் சோதனை எதற்காக?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று எப்போதும் தாழ்ந்த குரலிலேயே கேட்கப்படுகிறது. "அப்பாவுக்கு நுரையீரலில் சளி என்றுதானே சொன்னீர்கள், டாக்டர்? பிறகு எதற்காக ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுக்கிறார்கள்?" முடிவு வந்தபின், நோயாளியைத் தனி அறைக்கு மாற்றி, உள்ளே செல்வோர் கையுறையும் மேலங்கியும் அணிய வேண்டும் என்ற அட்டையைக் கதவில் தொங்கவிடும்போது அந்தக் கூச்சம் அச்சமாக மாறிவிடுகிறது. அப்பாவுக்குப் புதிதாக ஏதோ நோய் வந்துவிட்டது என்றே பலரும் எண்ணிக்கொள்கின்றனர்.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு. சொல்தா குடும்பங்களிலும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பிற குடும்பங்களிலும் பெற்றோர் இங்கும் பிள்ளைகள் அங்குமாக வாழ்வது வழக்கம். இங்கே ஒருமுறை மருத்துவமனையில் படுத்து எழுந்தவர், சில மாதங்களுக்குப் பின் மகனைப் பார்க்கப் பாரிஸ் சென்று, அங்கே மருத்துவமனையில் சேர நேர்ந்தால், முதல் நாளே அதே பஞ்சுக்குச்சிச் சோதனை. முடிவு தெரியும்வரை தனி அறை. "இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால்தான் இப்படி நடத்துகிறார்களா?" என்று தொலைபேசியிலேயே மனம் நொந்து கேட்டவர்கள் உண்டு. அந்நாட்டின் நெறிமுறை ஒருவருடைய பிறப்பைப் பார்ப்பதில்லை. கடந்த 12 மாதங்களுக்குள் எந்த வெளிநாட்டிலேனும் மருத்துவமனையில் தங்கியவர் எவராயினும், பிரெஞ்சுக்காரரே ஆயினும், அவருக்கு இச்சோதனை செய்யப்பட வேண்டும் என்பதே அதன் விதி.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. அந்த விடையை அறிவியல் எவ்வாறு கண்டடைந்தது என்பதையும், அது உங்கள் வீட்டாருக்கு எவ்வகையில் பொருள்படும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

நம் ஒவ்வொருவர் உடலிலும் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016-இல் வெளியான கணக்கீடு ஒன்று கூறுகிறது. மொத்த எடை சுமார் 200 கிராம். மிகப்பெரும் பகுதி பெருங்குடலில் உள்ளது. இவை நோய்க்கிருமிகள் அல்ல. நாம் உண்ணும் நார்ச்சத்தைச் செரிக்க உதவுவன. வைட்டமின் கே போன்றவற்றை ஆக்கித் தருவன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இடத்தை நிறைத்துக்கொண்டு அயல் கிருமிகளை உள்ளே நிலைகொள்ள விடாமல் தடுப்பன. ஒன்றோடொன்று கலந்து வாழும் இப்பெருங்கூட்டத்தையே நுண்ணுயிர்த் தொகுதி என்கிறோம்.

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அசையாத தன்மையைப் பாக்டீரியாக்களுக்குத் தருபவை அவற்றின் மரபணுக்கள். இம்மரபணுக்கள் மனிதர் மருந்து கண்டுபிடித்தபின் தோன்றியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முழு உண்மையன்று. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து இத்தகைய மரபணுக்களை 2011-இல் ஆய்வாளர்கள் கண்டெடுத்தனர். பூஞ்சைகளும் மண்வாழ் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று எதிர்க்கத் தாமே வேதிப்பொருள்களைச் சுரந்து வந்துள்ளன. அவற்றினின்று தற்காத்துக்கொள்ளும் வழிகளும் அக்காலம் தொட்டே இருந்துள்ளன. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த அவற்றைப் பெருக வைத்ததும், நோய்க்கிருமிகளின் கையில் கொண்டு சேர்த்ததும்தான் நம் காலத்தில் நடந்தவை.

கொண்டு சேர்ப்பது எப்படி என்பதை விளக்க நம் வீடுகளில் உள்ள ஒரு பழக்கமே போதும். தயிர் தோய்க்க உறைமோர் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிவருகிறோம். கொடுத்தவருக்குக் குறைவதில்லை, வாங்கியவர் வீட்டுப் பாலும் மறுநாள் தயிராகிறது, அவர் இன்னொருவருக்குத் தருகிறார். பாக்டீரியாக்களிடமும் இத்தகைய கைமாற்று உண்டு. பிளாஸ்மிட் என்னும் சிறு வளைய வடிவ டி.என்.ஏ.வில் எதிர்ப்பு மரபணுக்கள் அமைந்திருக்கும். ஒரு பாக்டீரியா அதன் நகலை அருகிலுள்ள இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டுத் தன்னிடமும் ஒன்றை வைத்துக்கொள்ளும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பலகோடிப் பாக்டீரியாக்கள் நெருங்கி வாழும் குடல் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மிகவும் ஏற்ற இடம்.

இதை உலகம் கண்முன்னே கண்ட நிகழ்வு இந்தியாவோடு தொடர்புடையது. டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியினரான ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா 2008-இல் கண்டறியப்பட்டது. மற்ற மருந்துகள் தோற்றபின் நாங்கள் கையில் எடுக்கும் கார்பாபெனெம் வகை மருந்துகளுக்கும் அது கட்டுப்படவில்லை. அம்மருந்துகளை அறுத்துச் செயலிழக்கச் செய்யும் புதிய நொதி ஒன்றை அது உற்பத்தி செய்தது. நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்-1, என்று அதற்குப் பெயரிட்டு 2009-இல் கட்டுரை வெளியிட்டனர். அக்கட்டுரையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி உள்ளது. அதே நோயாளியின் மலத்திலிருந்து எடுத்த ஈ.கோலி என்னும் வேறொரு பாக்டீரியாவிலும் அதே மரபணு இருந்தது. ஆனால் வேறு அளவுள்ள பிளாஸ்மிட்டில். அம்மரபணு அவர் உடலுக்குள்ளேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். நோய் சிறுநீர்ப் பாதையில், கையிருப்போ குடலில். முதற்கேள்விக்கான விடையின் பாதி இதில் அடங்கியுள்ளது.

அடுத்த ஆண்டே, 2010-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டனின் டிமோத்தி வால்ஷ் உள்ளிட்ட பலரும் இணைந்து எழுதிய ஆய்வு வெளிவந்தது. என்.டி.எம்-1 கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73, பிரிட்டனில் 37 என அவர்கள் பதிவு செய்தனர். நம் நாட்டில் அப்போது எழுந்த விவாதத்தின் பெரும்பகுதி தலைநகரின் பெயரை ஒரு நொதிக்கு வைத்தது முறையா என்பதைப் பற்றியது. ஒரு நகரத்தின் பெயரை இப்படிச் சூட்டியதில் எங்களுக்கும் உடன்பாடில்லை. எனினும் பெயரைப் பற்றிச் செலவிட்ட சினத்தில் சிறு பங்கையேனும் சாக்கடையின்மீது காட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஏனெனில் 2011-இல் டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்க் குடிநீரின் 50 மாதிரிகளில் 2-இலும் அதே மரபணு காணப்பட்டது. மருத்துவமனைச் சுவருக்குள் நிற்கும் சிக்கல் அன்று என்பது அன்றே தெளிவாகிவிட்டது. மறுஆண்டு, 2012-இல், மருத்துவர் அமைப்புகள் பல சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டை நெறிப்படுத்த 'சென்னைப் பிரகடனம்' என்ற திட்டத்தை வகுத்தன. 2013-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் நாடளாவிய வலையமைப்பைத் தொடங்கியது. நம் ஊரின் ஜிப்மரும் அதன் மையங்களுள் ஒன்று.

இனி, மரபணுக்களை எவ்வாறு தேடுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். ஆய்வுக்கூடத்தின் பழைய, நம்பகமான முறை கல்ச்சர். சளி, சிறுநீர், இரத்தம் ஆகியவற்றிலுள்ள பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று பார்ப்பது. பொதுவாக இரண்டு மூன்று நாள்கள் ஆகும். நோயாளிக்கு எந்த மருந்து தர வேண்டும் என்பதை இன்றும் இதைக்கொண்டே முடிவு செய்கிறோம். ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பல காற்றுப் பட்டவுடன் மடிபவை. வழக்கமான தட்டில் வளராதவை. கல்ச்சர் காட்டுவது ஊரின் பிரதான சாலையை மட்டுமே. சந்துகள் அதில் தெரிவதில்லை.

அதனால் ஆய்வாளர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். எதையும் வளர்க்காமல், ஒரு சிட்டிகை மலத்தில் உள்ள எல்லா உயிரிகளின் டி.என்.ஏ.வையும் மொத்தமாகப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் எழுத்துகளையும் கருவியால் படிப்பது. டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆனது. பரவலாகப் பயன்படும் கருவிகள் ஒரு துண்டுக்குச் சுமார் 150 எழுத்துகள் வீதம் கோடிக்கணக்கான துண்டுகளைப் படித்துத் தள்ளுகின்றன. வரிசையறிதல் என்று இதைச் சொல்கிறோம்.

படித்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. செயின்ட் லூயி தெருவிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்புகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அங்குள்ள சுவடிக் கட்டுகள் அனைத்தும் ஓரிரவில் அவிழ்ந்து, ஓலைகள் நறுக்கப்பட்டு, ஒரே குவியலாகக் கலந்துவிட்டன என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நறுக்கிலும் அரை வரி. பெயரேடு ஏதுமில்லை. இக்குவியலில் எத்தனை நூல்கள் இருந்தன, எவை எவை, குறிப்பிட்ட ஒரு மந்திரம் எந்தெந்த நூலில் இருந்தது என்று சொல்ல வேண்டும். கணினி செய்வது இதைத்தான்.

அதற்கு இரண்டு வழிகள். முதல் வழியில், அறியப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களின் எழுத்து வரிசைகளைச் சேர்த்து வைத்துள்ள பெருந்தொகுப்புகளோடு ஒவ்வொரு நறுக்கையும் கணினி ஒப்பிடும். டென்மார்க்கில் 2012-இல் வெளிவந்த ரெஸ்ஃபைண்டர், கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2013-இல் வெளிவந்த கார்டு ஆகியவை அத்தகைய தொகுப்புகள். யாரும் கட்டணமின்றி இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எத்தனை எழுத்து ஒத்துப்போனால் 'இருக்கிறது' என்று கொள்வது என்ற எல்லையை ஆய்வாளரே வகுக்க வேண்டும். இது சிறிய செய்தியன்று. என்.டி.எம்-1 மரபணுவின் நீளம் 813 எழுத்துகள். அதற்கும் பின்னர் கண்டறியப்பட்ட என்.டி.எம்-4-க்கும் இடையே ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. எல்லையைத் தளர்த்தினால் இல்லாததைக் கண்டதாகச் சொல்லிவிடுவோம். இறுக்கினால் இருப்பதைத் தவறவிடுவோம். தொகுப்பில் இன்னும் பதிவாகாத புதிய மரபணு எதிரே வந்தால் கணினிக்கு அது அடையாளம் தெரியாது என்பதும் உண்மை.

இரண்டாம் வழியில், ஒரு நறுக்கின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் ஒத்துப்போவதைக் கண்டு அவற்றை ஒட்டி ஒட்டி நீண்ட ஓலையாக்குவார்கள். எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்பதோடு அது எந்தப் பாக்டீரியாவிடம் இருக்கிறது, பிளாஸ்மிட்டில் உள்ளதா என்பதை அறிய இதுவே உதவும். ஆனால் கைமாறித் திரியும் மரபணு பல நூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரே வரியைப் போன்றது. எந்த நூலோடு அதை ஒட்டுவது என்று கணினி தடுமாறும். ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் புதிய கருவிகள் வந்தபின் இத்தடுமாற்றம் வெகுவாகக் குறைந்துள்ளது.

இவ்வாறு படித்ததில் தெரியவந்தவற்றுள், உங்களுக்குப் பயன்படும் சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

டென்மார்க்கில் உடல்நலமுள்ள 12 ஆண்களுக்கு நான்கே நாள்கள் மெரோபெனம், ஜென்டாமைசின், வான்கோமைசின் என்ற மூன்று வலிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, அவர்களின் குடல் நுண்ணுயிர்த் தொகுதியை ஆறு மாதங்கள் தொடர்ந்து படித்தார்கள். 2018-இல் வெளிவந்த அம்முடிவுகளின்படி, சுமார் ஒன்றரை மாதத்தில் தொகுதி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் தொடக்கத்தில் எல்லாரிடமும் இருந்த ஒன்பது பாக்டீரியா இனங்கள் 180 நாள்களுக்குப் பின்னும் பெரும்பாலோரிடம் காணப்படவில்லை. நோயற்ற இளைஞர்களுக்கு நான்கு நாள் மருந்தின் விளைவு இது. மூன்று வாரம் மருந்தேறிய எழுபது வயது நோயாளியின் குடலை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மருந்தை நிறுத்துவதில் நாங்கள் ஏன் அவசரம் காட்டுகிறோம் என்பது விளங்கும். நற்பாக்டீரியாக்கள் காலி செய்த இடத்தில் மருந்துக்கு அசையாதவை பெருகி அமர்கின்றன.

நெதர்லாந்திலிருந்து வெளிநாடு சென்று திரும்பிய பயணிகளைப் பற்றிய பெரிய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பல மருந்துகளை எதிர்க்கும் ஒருவகைக் குடல் பாக்டீரியா இல்லாமல் புறப்பட்டவர்களுள் 34.3 விழுக்காட்டினர் அதைச் சுமந்து திரும்பினர். தெற்காசியாவுக்கு வந்து சென்றவர்களில் மட்டும் எடுத்துக்கொண்டால் 75.1 விழுக்காட்டினர். யாரும் நோயுறுவதற்காக வந்தவர்கள் அல்லர். உண்டு, குடித்து, ஊர் பார்த்துச் சென்றவர்கள். அதே திட்டத்தில் 190 பயணிகளின் மல மாதிரிகளை முழுமையாக வரிசையறிந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, எந்தப் பகுதிக்குச் சென்றார்களோ அதற்கேற்பப் புதிய எதிர்ப்பு மரபணுக்கள் குடலில் சேர்ந்திருந்ததைக் காட்டியது. பாரிஸ் மருத்துவமனையின் அந்தப் பஞ்சுக்குச்சியின் நியாயம் இதுதான். கடற்கரைச் சாலையில் உலவும் பயணி ஊர் திரும்பியதும் அவற்றில் பலவற்றை மெல்ல இழந்துவிடுவார். அந்த ஆய்வில் சுமந்து திரும்பியவர்களுள் பாதிப் பேருக்கு அது ஒரு மாதத்துக்குள் மறைந்தது, 11.3 விழுக்காட்டினருக்கு ஓராண்டு கழித்தும் நீடித்தது. இங்கேயே வாழும் நமக்குத் திரும்பிச் செல்ல வேறு ஊர் இல்லை.

மூன்றாவது ஆய்வு கழிவுநீரைப் பற்றியது. 60 நாடுகளின் 74 நகரங்களிலிருந்து கழிவுநீரைச் சேகரித்து, அதிலுள்ள எதிர்ப்பு மரபணுக்களை 2019-இல் கணக்கிட்டனர். மருந்து அதிகம் விழுங்கும் நாடுகளில்தான் அவை மிகுந்திருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் மருந்துப் பயன்பாட்டைவிடக் கழிப்பறை, வடிகால், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றின் நிலையோடுதான் அவை நெருங்கிப் பொருந்தின. இம்முடிவு மருத்துவர்களாகிய எங்களைச் சற்றே தலைகுனிய வைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மருந்துச் சீட்டே எல்லாவற்றுக்கும் காரணம் என்று மேடைதோறும் பேசி வந்தவர்கள் நாங்கள். மருந்துச் சீட்டு காரணம்தான். பெரிய வாய்க்காலில் எது ஓடுகிறது, மழைக்காலத்தில் அது எங்கே ஏறுகிறது என்பவையும் காரணங்கள்.

மருந்து ஆலைக் கழிவின் பங்கு தெலங்கானாவில் வெளிப்பட்டது. ஐதராபாத் அருகே மருந்து ஆலைகள் செறிந்த பட்டான்செரு வட்டாரத்தின் காஜிப்பள்ளி ஏரியின் வண்டலை வரிசையறிந்து 2014-இல் வெளியிட்டனர். ஒப்பீட்டுக்காக எடுத்த சுவீடன் நாட்டு ஏரியைவிட எதிர்ப்பு மரபணுக்கள் அங்கே சுமார் 7,000 மடங்கு மிகுந்திருந்தன.

இவ்வளவும் சொன்னபின், இம்முறையால் ஆகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். மரபணு இருப்பது வேறு; நோய் இருப்பது வேறு. குடலில் என்.டி.எம் சுமப்பவர் நலமாக நடமாடலாம்; வாழ்நாளில் அதனால் ஒருமுறையும் நோயுறாமலும் இருக்கலாம். வரிசையறிதலில் தெரியும் டி.என்.ஏ. உயிருள்ள பாக்டீரியாவினுடையதா, செத்ததினுடையதா என்றும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே மலத்தில் எதிர்ப்பு மரபணு தெரிந்ததற்காக மட்டும் நாங்கள் மருந்து தருவதில்லை. கேட்டாலும் தர மாட்டோம். தந்தால் மேலும் சில நற்பாக்டீரியாக்களைக் கொன்று, நாம் அஞ்சும் பாக்டீரியாவுக்கே இடம் ஒழித்துக் கொடுத்தவர்களாவோம். வீட்டிலிருந்தே மாதிரியை அஞ்சலில் அனுப்பினால் குடல் நுண்ணுயிர்களைப் படித்துச் சொல்வதாக விளம்பரம் செய்யும் சோதனைகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அவற்றின் முடிவைக்கொண்டு உங்கள் சிகிச்சையில் நாங்கள் மாற்றக்கூடியது ஏதுமில்லை. பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் உங்கள் வீட்டாருக்குச் செய்யப்படுவது முழு வரிசையறிதலும் அன்று. பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியில், கார்பாபெனெம் மருந்துக்கு அசையாத பாக்டீரியா வளர்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். ஆய்வுலகம் பெரும் செலவில் கண்டறிந்ததன் பயனை எளிய சோதனையாகச் சுருக்கிக்கொண்டோம் எனலாம்.

முதற்கேள்வியின் மீதிப் பாதிக்கு வருவோம். நுரையீரலில் சளியுள்ளவருக்குக் குடலை ஏன் பார்க்கிறோம்? மூச்சுக்குழாயும் சிறுநீர்க்குழாயும் இரத்தக்குழாய் ஊசியும் பொருத்தப்பட்டு, எதிர்ப்பாற்றல் குன்றிக் கிடக்கும் நோயாளிக்கு அடுத்துவரும் தொற்று பெரும்பாலும் அவர் குடலில் ஏற்கெனவே காத்திருக்கும் பாக்டீரியாவால் வருவது. எது காத்திருக்கிறது என்று முன்பே தெரிந்தால், காய்ச்சல் ஏறும் இரவில் கல்ச்சர் முடிவுக்காக இரண்டு நாள் காத்திராமல் சரியான மருந்தை முதல் மணி நேரத்திலேயே தொடங்கலாம். இரத்தத்தில் தொற்று பரவிய நோயாளிக்கு அந்த இரண்டு நாள் உயிருக்கும் இழப்புக்கும் இடைப்பட்டதாக அமையக்கூடும். மருந்துக்கு அசையாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டுள்ளனர்.

தனி அறை, அடுத்த படுக்கையில் இருப்பவரைக் காப்பதற்காக. உங்கள் தந்தையை ஒதுக்கி வைப்பதற்காக அன்று. இதைப் பலமுறை சொன்னாலும், வீடு திரும்பிய பாட்டியின் தட்டையும் தம்ளரையும் தனியே வைத்துவிட்டார்கள், பேரப்பிள்ளையை அவர் மடியில் விடுவதில்லை என்று கேள்விப்படும்போது வருந்துகிறோம். வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. மடியில் பிள்ளை அமரலாம், ஒன்றாக உண்ணலாம், வழக்கம்போல் கழுவிய பாத்திரம் போதும். கழிப்பறை சென்றபின்னும், சமைப்பதற்கு முன்னும், உண்பதற்கு முன்னும் எல்லாரும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். படுக்கையிலிருக்கும் முதியவருக்கு உறுப்பு மாற்றித் துடைப்பவர், டயப்பர் மாற்றுபவர், முடிந்தவுடன் கைகழுவாமல் வேறெதையும் தொடலாகாது. இவ்வளவே.

மருந்தைப் பொறுத்தவரை, ஒரு பழைய கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பயிற்சி மருத்துவர்களாக இருந்த காலத்தில், இரவுப் பணியில் காய்ச்சலோடு வருபவர் எவராயினும் ஆன்டிபயாடிக் எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. வைரஸ் காய்ச்சல் என்று உள்ளூரத் தெரிந்தும் எழுதினோம். காலையில் மூத்த மருத்துவர் ஏன் எழுதவில்லை என்று கேட்டுவிடுவாரோ என்ற அச்சம் ஒருபுறம்; ஊசியோ மாத்திரையோ இல்லாமல் அனுப்பினால் கவனிக்கவில்லை என்று குடும்பத்தினர் கருதுவார்களோ என்ற தயக்கம் மறுபுறம். அப்படி எழுதிய சீட்டுகளின் எண்ணிக்கையை இன்று நினைத்தால் மனம் கூசுகிறது. ஆகவே, சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் இப்போது நாங்கள் மருந்து எழுதாமல் அனுப்பினால் அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம்.

பிரான்சில் 2002-இல் தொடங்கிய ஓர் இயக்கம் ஆன்டிபயாடிக் என்பது தானாகக் கைக்கு வரும் பொருளன்று என்ற எளிய வாசகத்தைத் தொலைக்காட்சியிலும் பள்ளிகளிலும் திரும்பத் திரும்பச் சொன்னது. ஐந்தே ஆண்டுகளில் அங்கே குளிர்காலத்தில் அம்மருந்துகள் எழுதப்படுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பாரிஸில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள், அந்த வாசகம் பலருக்கு நினைவிருக்கும். நம் நாட்டிலும் விதிகள் உண்டு. 2014 முதல் நடைமுறையிலுள்ள எச்1 பட்டியலின்படி, கார்பாபெனெம் உள்ளிட்ட மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றால் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். கோழிகளுக்கும் பண்ணை விலங்குகளுக்கும் கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைக் கொடுப்பதை மத்திய அரசு 2019-இல் தடை செய்தது. விதி இருப்பதும் அது கடைவீதியில் நடப்பதும் ஒன்றல்ல என்பது உங்களுக்கும் தெரிந்ததே. முன்னொரு முறை எழுதித் தந்த சீட்டைக் காட்டிப் புதிதாக வாங்குவதும், மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்பதும் உங்கள் கையில் உள்ளவை. உறைமோரைக் கொடுங்கள், மாத்திரையைக் கொடுக்க வேண்டாம்.

இறுதியாக, எங்களுக்கு உதவும் ஒரு செய்தி. கடந்த ஓராண்டில் நோயாளி வேறெந்த மருத்துவமனையிலேனும், உள்ளூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ, தங்கியிருந்தால் சேர்க்கையின்போதே சொல்லுங்கள். கடந்த மூன்று மாதங்களில் எடுத்த ஆன்டிபயாடிக் மருந்துகளின் அட்டைகள் வீட்டில் கிடந்தால், பெயர் தெரியாவிட்டாலும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பஞ்சுக்குச்சிச் சோதனையின் முந்தைய முடிவு இருந்தால் அந்தத் தாளை மற்ற அறிக்கைகளுக்கு மேலே வைத்து, பணியிலிருக்கும் செவிலியரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.